ஊர்ப்பெயர்ப் படப்புதிர்: கல்லடி ஏன் பிழைத்தது, வாழைச்சேனையின் 'ச்' எங்கே போகும்?

"தரம் 4, 5 பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களை வைத்துப் படப்புதிர் செய்யப் பார்க்கிறேன். கல்லடிக்கு ஒரு கல்லும் ஒரு காலும் வரைந்தேன், ஒருவருக்கும் பிடிபடவில்லை. வாழைச்சேனையில் நடுவே வரும் 'ச்' எழுத்தை எப்படிக் காட்டுவது என்றும் தெரியவில்லை. இங்கிலீசில் செய்கிற மாதிரித் தமிழில் செய்ய ஏலாதா?" கிழக்கிலங்கையின் கல்முனைப் பக்கத்து ஆசிரியை ஒருவரின் கேள்வி இது. படங்களின் பெயர்களை ஒட்டி வாசித்து ஒரு சொல்லைக் கண்டுபிடிப்பதுதான் படப்புதிர்.

ஏலும் ரீச்சர். ஆனால் இங்கிலீஸ் புதிரின் முறையை அப்படியே தூக்கி வைத்தால் இரண்டு இடத்தில் இடிக்கும். படத்துக்குப் பிள்ளை சொல்லும் பெயர் நீங்கள் நினைத்த பெயராக இராது என்பது ஒன்று. இரண்டு சொல் சேரும்போது தமிழில் எழுத்து கூடும், குறையும், மாறும் என்பது மற்றது. கல்லடி முதலாவதில் விழுந்தது, வாழைச்சேனை இரண்டாவதில் நிற்கிறது. இந்த இரண்டாவதான புணர்ச்சிதான் பெரிய தலையிடி என்று பலரும் பயப்படுகிறார்கள். அதற்குச் சட்டம் இருக்கிறது, சமாளிக்கலாம். அதிகம் பிழைப்பது படத்தின் பெயரில்தான்.

முதலில் எது புதிர், எது வெறும் சித்திரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கல்லாற்றுக்கு ஒரு கல்லையும் ஓடுகிற ஆற்றையும் வரைந்தால் அது ஊரின் படம். கல்லையும் பக்கத்தில் 6 என்ற இலக்கத்தையும் போட்டால் அது புதிர். இலக்கம் தன் பொருளை விட்டுவிட்டு ஒலியை மட்டும் கடன் கொடுக்கிறது. பிள்ளைக்குச் சிரிப்பு வருவதும் அந்த இடத்தில்தான். சாய்ந்தமருது, புலிபாய்ந்தகல் போன்ற பெயர்கள் ஏற்கெனவே சித்திரமாகவே இருக்கின்றன. ஒரு சரிந்த மரம், ஒரு பாய்கிற புலி, ஒரு கல். இவற்றைத் தொடக்கத்தில் சூடேற்ற வைத்துக்கொள்ளலாம், புதிர்க் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இந்த ஒலிக்கடன் எழுத்தின் வரலாற்றிலேயே மிகப் பழைய வித்தை. கி.மு. 3100 அளவில் எகிப்திய அரசன் நார்மரின் பெயரை ஒரு கெளிறு மீனும் ஓர் உளியும் வரைந்து எழுதினார்கள். கெளிற்றுக்கு அவர்கள் மொழியில் 'நார்', உளிக்கு 'மெர்'. அரசனுக்கும் மீனுக்கும் சம்பந்தமே இல்லை. சுமேரியரிடம் அம்புக்கும் உயிருக்கும் ஒரே ஒலி, 'தி'. வரைய முடியாத உயிரை அம்பு வரைந்து எழுதினார்கள். நம் பக்கத்துக்குச் சுவையானது சிந்துவெளி மீன். மீன் என்றால் விண்மீனும்தான் என்பதை வைத்து, அந்த முத்திரைகளில் வரும் மீன் குறியைத் திராவிட மொழி கொண்டு வாசிக்கலாம் என்று ஹேரஸ் பாதிரியாரும் பின்னர் பின்லாந்து ஆய்வாளர் அஸ்கோ பார்ப்போலாவும் சொன்னார்கள். மீனுக்கு முன் ஆறு கோடு இருந்தால் அறுமீன், அதாவது கார்த்திகைக் கூட்டம். ஏழு கோடு இருந்தால் எழுமீன், அதாவது சப்தரிஷிக் கூட்டம். அந்த எழுத்து இன்னும் வாசிக்கப்பட்டுத் தீரவில்லை, இது ஒரு கருதுகோள்தான். ஆனாலும் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு 6 கோட்டையும் ஒரு மீனையும் கரும்பலகையில் போட்டுக் கேட்டுப் பாருங்கள். மீன்பாடும் தேனாடு என்று பேர்பெற்ற மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளைகள், விடமாட்டார்கள்.

இனிப் படத்துக்கு வருவோம். காலை வரைந்தால் பிள்ளை கால் என்றோ பாதம் என்றோ சொல்லும், அடி என்று சொல்லாது. அடிமட்டத்தை வரைந்தால் அடிமட்டம் என்று முழுதாகச் சொல்லும். ஒரு மரத்தை வரைந்து, அது நிலத்தைத் தொடும் இடத்துக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். மரத்தடி, வேம்படி, பிள்ளையாரடி என்று அன்றாடம் புழங்கும் பிள்ளைக்கு 'அடி' தானாக வரும். இதைவிட முக்கியம், ஒரு முறை போட்ட அந்தப் படத்தை இனி மாற்றவே கூடாது. கல்லடி, செங்கலடி, பிள்ளையாரடி, மாவடிவேம்பு, ஆலையடிவேம்பு எல்லாவற்றிலும் அதே மரம், அதே அம்புக்குறி. நம் மாவட்டங்களின் பெயர்களில் ஒரே சில துண்டுகள் திரும்பத் திரும்ப வருகின்றன: அடி, முனை, குடி, சேனை, ஆறு, தீவு, குடா, வில், ஊர், வெளி. இந்தப் பத்துக்கும் நிரந்தரப் படம் ஒன்றை முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டாவது புதிரிலிருந்து பிள்ளை அந்தப் படத்தை எழுத்து மாதிரி வாசிக்கத் தொடங்கிவிடும்.

முனைக்குச் சீவிய பென்சில், நுனியில் அம்புக்குறி. கல்முனை, மண்முனை, மருதமுனை, பாலமுனை, கோட்டைமுனை ஐந்துக்கும் அது போதும். வில்லுக்கு நாண் பூட்டிய வில். பொத்துவிலில் உள்ள 'வில்' நீர்நிலையாக இருக்கட்டும், நமக்கு ஒலிதான் தேவை. குடிக்கு இளநீர் குடிக்கும் பிள்ளை. போத்தலையும் கிளாசையும் வரைய வேண்டாம். குடாவை வரைந்தால் கடல் என்பார்கள். ஆகவே கரையோர வரைபடத்தில் உள்வாங்கிய வளைவைக் கறுப்பாக்கிக் காட்டி, முதல் தடவை மட்டும் பெயரை எழுதிவிடுங்கள். சேனைக்குச் சிலர் படைவீரர்களை வரைகிறார்கள். சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுத் தாளில், அதுவும் எங்கள் பக்கத்தில், துவக்கும் சப்பாத்தும் எதற்கு? காட்டை வெட்டிப் பயிரிடும் சேனையை வரையுங்கள்: சோளன் பயிர், நடுவே ஒரு காவல் பரண். அதுதான் இந்தப் பெயர்களில் உள்ள சேனையும்கூட.

நிரந்தரப் படம் இல்லாத மற்றவற்றுக்கு ஒரு சோதனை இருக்கிறது. படத்தைத் தனியாக, புதிர் என்று சொல்லாமல், ஐந்து பிள்ளைகளிடம் வேறு வேறாகக் காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள். நான்கு பேர் ஒரே சொல்லைச் சொல்லாவிட்டால் படத்தை மாற்றுங்கள். இந்தியத் தளங்களிலிருந்து இறக்கிய தமிழ்ப் புதிர்கள் இங்கே பிழைப்பதும் இதனால்தான். அங்கே நாற்காலி, இங்கே கதிரை. அங்கே வேர்க்கடலை, இங்கே கச்சான். அவர்களின் பேனா நமக்குப் பேனை, பப்பாளி பப்பாசி, சோப்பு சவர்க்காரம். 'நாற்காலி'யில் 'நா' எடுக்கச் சொன்னால் கதிரையைப் பார்க்கும் பிள்ளைக்கு 'நா' எங்கிருந்து வரும்? மறுபக்கம், நமக்கென்று சில வசதிகளும் உண்டு. மா என்றால் நமக்கு மாமரத்துக்கு முன் கோதுமை மாப் பைதான் நினைவுக்கு வரும், ஒரே படத்தில் ஓரெழுத்து கிடைக்கிறது. சுண்ணக்கட்டி இங்கே வெண்கட்டி. அதன் பயனைக் கீழே பார்ப்போம்.

பேச்சு வடிவமும் கவனிக்க வேண்டியது. பிள்ளை கல், மண், முள், பல் என்று சொல்லாது. கல்லு, மண்ணு, முள்ளு, பல்லு என்று சொல்லும். கல்லு, முனை என்று வாசித்துவிட்டு முழிக்கும். இதற்கும், பெயர்க் குழப்பத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து கட்டம். ஒவ்வொரு படத்தின் கீழும் அந்தச் சொல்லில் எத்தனை எழுத்தோ அத்தனை வெற்றுக் கட்டம் போடுங்கள். மெய்யெழுத்துக்கும் ஒரு கட்டம். கல்லின் கீழ் இரண்டு கட்டம் இருந்தால் 'கல்லு' தானாக விழுந்துவிடும். ஐந்துமூலை நட்சத்திரத்தை வரைந்து மூன்று கட்டம் போட்டால் வெள்ளி, நான்கு போட்டால் விண்மீன், ஏழு போட்டால் நட்சத்திரம்.

கட்டமும் கைவிடும் இடம் உண்டு. அம்பாறைக்கு ஒரு பாறையை வரைகிறீர்கள். பிள்ளை கல் என்னும், மலை என்னும், பாறை என்னும்; மூன்றுமே இரண்டு எழுத்து. அப்படியான இடத்தில் முதல் எழுத்தைக் கட்டத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அதில் வெட்கமில்லை. மரங்களுக்கும் அப்படித்தான். வாழை, தென்னை, பனை மூன்றும் கோட்டுச் சித்திரத்தில் தெரியும். ஆலுக்கு விழுது போட்டால் தெரியும். புளிக்கும் நாவலுக்கும் மரத்தை விட்டுவிட்டுப் பழத்தை வரையுங்கள். மருதின் காய்க்கு ஐந்து இறக்கை இருக்கும், அதை வரைந்தாலும் பெரியவர்களுக்கே தெரியாது. 'ம' எழுத்தைக் கொடுத்துவிடுவது நல்லது. உறவுப்பெயருக்கு ஓர் ஆள் போதாது. ஒரு பொடியனைத் தனியே வரைந்தால் பொடியன்தான், பக்கத்தில் பெரிய அக்காவை வரைந்து சின்னவனுக்கு அம்புக்குறி போட்டால்தான் தம்பி. தம்பி, கட்டத்தில் 'லு', பிறகு வில்: தம்பிலுவில்.

இப்போது புணர்ச்சி. கல்லடியையும் செங்கலடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முழு விஷயமும் அதில் இருக்கிறது. கல் இரண்டு எழுத்து, அடி இரண்டு எழுத்து, கல்லடி நான்கு. செங்கல் நான்கு, அடி இரண்டு, ஆனால் செங்கலடி ஐந்துதான். மெய்யில் முடியும் சொல்லோடு உயிரில் தொடங்கும் சொல் சேர்ந்தால் இரண்டும் ஒட்டி ஓர் எழுத்தாகும். ல், அ இரண்டும் 'ல' ஆகிவிடும். ஆகவே ஓர் எழுத்து குறைய வேண்டும். ஆனால் தனிக்குறிலை அடுத்து வரும் ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். கல் என்பதில் 'க' தனிக்குறில், ஆகவே 'ல்' இரட்டித்துக் குறைந்த எழுத்தை ஈடு செய்கிறது. கல்லாறும் அப்படித்தான். பிள்ளையார், அடி சேர்ந்து ஏழு எழுத்து ஆறாகிப் பிள்ளையாரடி ஆவதில் இரட்டிப்பு இல்லை.

செங்கலடியில் ஒரு வில்லங்கம் உண்டு. பேச்சில் 'செங்கல்லு', எழுத்திலும் 'செங்கல்லால் கட்டியது' என்று இரட்டித்தே பழகிவிட்டோம். அதனால் பிள்ளை செங்கல்லடி என்று எழுதும். ஊர் செங்கலடி என்றே நிலைத்துவிட்டதால் விடைக்கு ஐந்து கட்டம் போட்டுவிடுங்கள். ஆறாவது எழுத்துக்கு இடமில்லை என்று கண்டதும் பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். இதன் மறுபுறம் கல்முனை. இலக்கணப்படி ல் முன் ம வந்தால் ன் ஆக வேண்டும், கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆவது போல. அந்தக் கணக்கில் கன்முனை என்று வர வேண்டும். ஒருவரும் அப்படி எழுதுவதில்லை. புதிரில் ஊர்ப்பெயர்தான் எசமான், சூத்திரம் அல்ல. பெயர்ப்பலகையில் உள்ளபடி விடையை முதலில் எழுதிவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிப் பிரியுங்கள். முன்னோக்கிச் சேர்க்கப் போனால் பிழை வரும்.

மற்றப் புணர்ச்சிகள் வேகமாக. வாழை, சேனை சேர்ந்தால் 'ச்' மிகும். கோட்டைக்கல்லாறு, மாளிகைக்காடு, கொக்கட்டிச்சோலை எல்லாம் இந்த இனம். மருதம், பாலம் என்பவற்றின் கடைசி 'ம்' கெட்டு மருதமுனை, பாலமுனை. நாவல், குடா சேர்ந்து 'ல்' 'ற்' ஆகி நாவற்குடா. முன்சொல் உயிரில் முடிந்து பின்சொல்லும் உயிரில் தொடங்கினால் இடையில் ய் அல்லது வ் வரும். இ, ஈ, ஐ முன்னால் இருந்தால் ய், ஆலையடி; ஆ முதலியவை இருந்தால் வ், மாவடி, ஏறாவூர். வந்து, ஆறு சேரும்போது 'து'வின் உகரம் ஓடிவிடும், வந்தாறு. தேன், நாடு சேர்ந்து தேனாடு. இரண்டு மூக்கொலியில் ஒன்று போய்விடும்.

இவற்றைத் தாளில் காட்ட மூன்று அடையாளம் போதும். எழுத்து எதுவும் மாறாமல் ஒட்டும் இடத்தில் கூட்டல் குறி. புதிதாக எழுத்து நுழையும் இடத்தில் அந்த எழுத்தையே ஒரு சின்ன வட்டத்துக்குள் எழுதிவிடுங்கள். உங்கள் வாழைச்சேனைக்கு வாழைக்கும் சோளன் காட்டுக்கும் நடுவே வட்டத்துக்குள் 'ச்'. எழுத்து உருகி ஒட்டும் இடத்தில் இரண்டு படத்துக்கும் அடியில் ஒரு கொக்கிக் கோடு. அதைக் கண்டால் "இங்கே ஒலி மாறும், சொல்லிப் பார்" என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். தரம் 4இல் 'ச்' கொடுக்கப்பட்டே இருக்கட்டும். தரம் 8க்கு மேல் வட்டத்தை வெறுமையாக விடலாம், அப்போது அதுவே இலக்கணப் பயிற்சி.

வெட்டுவதற்கு வருவோம். பாலமுனைக்குப் பாலம் வரைந்து, கீழே மூன்று கட்டம் போட்டு, மூன்றாவதில் ஒரு குறுக்குக் கோடு. அவ்வளவுதான். படத்தின் மேலேயே கோடு போடுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. எந்த எழுத்து போகிறது என்று யாருக்கும் தெரியாது. வாலை வெட்டுவது எளிது, தலையை வெட்டுவது கடினம். பிள்ளை சொல்லைத் தொடக்கத்திலிருந்துதான் உச்சரிக்கும், முதல் எழுத்தை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்ல அதற்கு வராது. தலையை வெட்டி மெய்யெழுத்தில் தொடங்கும் துண்டு மிஞ்சினால் புதிரே செத்துவிடும். மட்டக்களப்பைச் செய்யப் போனவர்கள் கண்டிருப்பார்கள். மட்டம், களம் இரண்டிலும் 'ம்' வெட்டி மட்ட, கள என்று எடுத்து, நடுவே வட்டத்தில் 'க்' போட்டுவிடலாம். மிச்சம் 'ப்பு'. அதற்கு உப்பை வரைந்து 'உ'வை வெட்டினால் தாளில் சரி, வாயில் வராது. களப்பையே வரையலாமே என்றால் பிள்ளைகள் வாவி என்பார்கள், ஆறு என்பார்கள். 'ப்பு'வை எழுத்தாகவே கொடுத்துவிட்டுப் போவதுதான் புத்தி.

தலைவெட்டு நன்றாக அமையும் இடமும் ஒன்று உண்டு. கொக்கு, மூன்று கட்டம், கடைசி 'கு' வெட்டு: கொக். வெண்கட்டி, ஐந்து கட்டம், முதல் இரண்டும் வெட்டு: கட்டி. இரண்டையும் சேர்த்தால் கொக்கட்டி. பிறகு வட்டத்தில் 'ச்', கடைசியாகச் சோலை. சோலையை வரைந்தால் காடு என்பார்கள், 'சோ' கொடுக்க வேண்டும். இரண்டு வெட்டு, ஒரு நுழைவு, ஓர் உதவி எழுத்து. இது பெரிய பிள்ளைகளுக்கான புதிர். சின்னவர்களுக்கு ஒரு புதிரில் மூன்று படத்துக்கு மேல், ஒரு வெட்டுக்கு மேல் வேண்டாம். அக்கரைப்பற்றும் இதே கனம்தான்: அக்காவில் 'கா' வெட்டு, கரை, 'ப்', பற்றுச்சீட்டில் முதல் மூன்று எழுத்து.

கரைக்கு வேட்டியின் கரையை வரைந்து அம்புக்குறி போடுங்கள், கைத்தறிக்குப் பேர்போன மருதமுனைப் பக்கத்தில் இதைத் தெரியாத பிள்ளை இராது. அதே படம் வாகரைக்கும் உதவும். கை அசைத்துக் கூப்பிடுவதற்கு ஒரே கட்டம், வா. சட்டையில் பட்ட கறையை மட்டும் வரைந்துவிடாதீர்கள். அது ற.

இந்த இடத்தில்தான் இங்கிலீஸ் புதிருக்கும் நமக்கும் உண்மையான வேறுபாடு. அங்கே ஒலி கிட்டத்தட்ட ஒத்தால் போதும், தேனீயையும் இலையையும் போட்டு 'நம்பிக்கை' என்ற அவர்கள் சொல்லைச் செய்துவிடுவார்கள். எழுத்துக்கூட்டல் வேறாக இருந்தாலும் யாரும் கேட்பதில்லை. தமிழில் ல, ள, ழ மாறினால், ர, ற மாறினால், குறில் நெடில் மாறினால் அது வேறு சொல். வாழைக்கு வாளை மீனை வரைந்தால் பேச்சில் ஒன்றாகக் கேட்கலாம், ஆனால் அந்தப் பிழையைப் பிள்ளை பரீட்சைத் தாளிலும் எழுதும். ஒலி ஏறத்தாழ இருந்தால் போதும் என்ற சலுகையை எடுக்கவே எடுக்காதீர்கள்.

நமக்கு வேறொரு சலுகை இருக்கிறது, அது எழுத்தில். 'பாறை' தனியாக இருக்கும்போது வல்லோசை, அம்பாறையில் அதே 'பா' மென்மையாக ஒலிக்கும். காடும் மாங்காடும் அப்படித்தான். எழுத்து ஒன்றே என்பதால் துண்டுகள் தாளில் சரியாக ஒட்டும். ஆனால் வாயால் சொல்லிப் பார்க்கும் பிள்ளைக்கு முதலில் காதில் ஒட்டாது. அதனால் இந்த இனப் புதிர்களில் "சொல்லுங்கோ" என்பதைவிட "கட்டத்தில் எழுதுங்கோ" என்பது பலன் தரும். உருகி ஒட்டும் கொக்கிப் புதிர்களுக்கு நேரெதிர். அங்கே வாயால் சொன்னால்தான் வரும்.

வினைச்சொல்லைக் கூடியவரை தவிருங்கள். ஒருவன் நடந்து வருவதை வரைந்தால் வா, வருகிறான், வந்தான், நடக்கிறான் எல்லாம் வரும், 'வந்து' வராது. வந்தாறுமூலைக்கு 'வந்து' எழுத்தாகவே இருக்கட்டும், அடுத்து 6, அடுத்துச் சிலந்திவலை கட்டிய அறை மூலை. ஆறு பக்கமுள்ள உருவத்தை வரைந்து 'ஆறு மூலை' எடுக்கலாம் என்று தோன்றும். கணிதபாடம் படித்த பிள்ளை அதை அறுகோணி என்று எழுதிவிடும். சொல்லைத் திருப்பி வாசிக்கும் தந்திரமும் தமிழில் எடுபடாது. ட, ண, ல, ள, ழ, ற, ன என்பவற்றில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பதால் திருப்பினால் பெரும்பாலும் சொல்லே கிடைக்காது. இடத்தை வைத்து விளையாடுவது மட்டும் நன்றாக அமையும். ஒரு தலையைக் கவிழ்த்து வரையுங்கள், தலைகீழ்.

வரைய வராதவர்களுக்கும், ஒலிபெருக்கியில் நடத்தும் போட்டிக்கும் தமிழிலேயே பழைய வழி ஒன்று இருக்கிறது. தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூல் சொல்லும் சித்திரகவி (எழுத்தை வைத்து விளையாடும் பாட்டு) வகைகளில் வினாவுத்தரம் என்று ஒன்று. சில சின்னக் கேள்விகள், அவற்றின் விடைகளைச் சேர்த்தால் கடைசிக் கேள்வியின் விடை. உரையில் காட்டும் செய்யுளில் திரு, ஏகு, அம்பு, அம் என்ற விடைகள் சேர்ந்து திருவேகம்பம் ஆகிறது. வ் நுழைவதும் இரண்டு உகரம் ஓடுவதும் அதற்குள்ளேயே இருக்கின்றன. படம் இல்லாத படப்புதிர் இது. "ஆற்றைக் கடக்க என்ன கட்டுவோம்? பென்சிலைச் சீவினால் கூராவது எது? இரண்டும் சேர்ந்த ஊர் எது?" என்று கேட்டால் பாலமுனை வந்துவிடும். எழுத்தைக் கூட்டிக்கொண்டு போவதற்கு எழுத்து வருத்தனம், குறைத்துக்கொண்டு போவதற்கு அக்கரச்சுதகம் என்று தனிப் பெயரே உண்டு. உயர்தரப் பிள்ளைகளுக்கு இவற்றை அறிமுகம் செய்யப் படப்புதிர் நல்ல வாசல்.

ஒன்றை மட்டும் வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்: நாம் பிரிக்கிற பிரிப்பு ஊரின் பெயர்க்காரணம் அல்ல. அம்பும் பாறையும் சேர்ந்ததால் அம்பாறை, கொக்கு வந்து இருந்ததால் கொக்கட்டிச்சோலை என்று கட்டுரையில் எழுதிவிடுவார்கள். கொக்கட்டி என்பது ஒரு மரம்.

தயாரிப்பு. கைத்தாள் என்றால் ஏ4 தாளைப் படுக்கையாக வைத்து, படம் ஒன்றுக்கு 7 சென்ரிமீற்றர் சதுரம். மூன்று படமும் இரண்டு குறியும் ஒரு வரியில் அடங்கும், கட்டம் 1.5 சென்ரிமீற்றர். சின்னவர்களுக்குக் கட்டம் இதைவிடச் சிறுத்தால் 'ழை', 'ணை' எழுத இடம் போதாது. சுவரில் மாட்ட பிரிஸ்டல் போட் என்றால் படம் 15 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. 8 மீற்றர் தூரத்துப் பின்வாங்கிலிருந்து வாசிக்க எழுத்து 7 சென்ரிமீற்றர் உயரமாவது வேண்டும். மாக்கரால் வெளிக்கோடு மட்டும் போடுங்கள். பென்சிலால் நிழல் பூசினால் போட்டோக்கொப்பியில் மெல்லியது மறைந்துவிடும், அழுத்தமானது கறுப்புக் கட்டியாகிவிடும்.

கணினியில் செய்தால் எழுத்துகளை அட்டவணைக் கட்டங்களுக்குள் ஒவ்வொன்றாக அடியுங்கள். 'கொ' போன்ற எழுத்து உள்ளே இரண்டு துண்டாகச் சேமிக்கப்படுவதால், ஒரே சொல்லாக அடித்துவிட்டு நடுவில் ஓர் எழுத்தை மட்டும் வெட்டப் போனால் கொம்பும் காலும் தனித்தனியே அலையும். பாமினியில் அடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யுனிகோட்டில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். வரைவதற்குப் பதில் ஈமோஜி போடுவதானால் அதையும் பிடிஎஃப் ஆக்கிய பிறகே அனுப்புங்கள்; ஒரே ஈமோஜி ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு உருவம், ஒன்றில் படகாகத் தெரிவது இன்னொன்றில் கப்பலாகிவிடும்.

புள்ளி போடும்போது ஊரைக் கண்டுபிடித்ததற்கு ஒன்று, எழுத்துப் பிழையில்லாமல் கட்டத்தை நிரப்பியதற்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். செங்கல்லடி என்று நெருக்கி எழுதிய பிள்ளைக்குப் பாதியாவது கிடைக்கும். விடைகளைத் தாளின் பின்பக்கம் அச்சிட வேண்டாம், 70 கிராம் தாளில் வெளிச்சத்துக்குப் பிடித்தால் எல்லாம் ஊடே தெரியும்.